சும்மா ஒரு அரைமணி நேரம்

பெண்களையும் சைக்கிளையும் சேர்த்துப் பேசினால் தமிழ்நாட்டில் புதுக்கோட்டை நினைவுக்கு வரும். அது மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை. என் ஊரும் புதுக்கோட்டைதான். தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில் இருக்கிற சின்ன ஊர். இந்தக் கோடை விடுமுறையில் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் வழியாகக் கன்னியாகுமரி வரை, சுமார் 130 கி.மீ. சைக்கிள் பயணத்துக்கு இங்கிருந்து பயிற்சி எடுத்தேன். புற்றுநோய் சிகிச்சைக்கு நிதி திரட்டும் பயணம் அது. அந்த நாட்களில்தான் பெரிய புதுக்கோட்டையைப் பற்றிப் பி. சாய்நாத் எழுதிய கட்டுரையை மறுபடி வாசித்தேன்.

1996இல் வந்த 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் ட்ராட்' நூலில் அந்தக் கட்டுரை இருக்கிறது. 1991இல் மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். பெண் வெளியே போய்வர முடியாவிட்டால் அவள் கற்ற எழுத்தும் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் என்பது அதன் அடிப்படை. 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் ஊர்வலம் போனார்கள். கிராமப்புறப் பெண்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஓட்டக் கற்றார்கள் என்கிறார் சாய்நாத். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது காத்திருக்காமல் ஆண்கள் ஓட்டும் சைக்கிளையே வாங்கினார்கள். முன்பாரில் குழந்தை, கேரியரில் விளைபொருள், பின்னால் தண்ணீர்க் குடங்கள் என்று அவர்கள் போகும் காட்சி கட்டுரையில் வருகிறது.

இந்தக் காட்சியைக் கொண்டாடாதவர் இல்லை. எனக்கோ அதில் ஒரு சங்கடம் உண்டு. குழந்தை, குடம், சந்தைச் சுமை மூன்றும் இறங்கவில்லை. தலையிலிருந்தும் இடுப்பிலிருந்தும் சக்கரத்துக்கு மாறியிருக்கின்றன. பாரம் குறைந்தது, நேரம் மிச்சமானது, உண்மை. மிச்சமான நேரம் யாருடையது? சாய்நாத் நேர்மையான எழுத்தாளர். பொருளாதாரப் பயனை மட்டும் தூக்கிப் பிடிப்பது தவறு, சைக்கிள் தந்த சுயமரியாதை முக்கியம் என்று அவரே சொல்லிவிடுகிறார். ஆனால் அவர் அடுக்கும் காட்சிகளில் பெரும்பாலானவை வேலைக்குப் போகிற, வேலையை முடித்துத் திரும்புகிற பயணங்கள்.

ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. பள்ளி ஆசிரியை ஒருவர். அப்போது சைக்கிள் விலை 1,200 ரூபாய்க்கு மேல். அவரால் வாங்க முடியவில்லை. தினமும் மாலையில் அரைமணி நேரத்துக்கு வாடகை சைக்கிள் எடுத்து ஓட்டுகிறார். எங்கே போகவும் அல்ல, ஓட்டுவதற்காக. கட்டுரையில் போகிற போக்கில் வந்துபோகும் இடம் அது. என் வாசிப்பில் கட்டுரையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. குடத்தோடு போகும் பெண்ணுக்கு ஊர் வழிவிடும். எதையும் ஏற்றாமல், எங்கும் போகாமல் ஓட்டும் பெண்ணிடம் ஊருக்குக் கேள்வி இருக்கும்.

அந்த அரைமணி நேரம் பிற்பாடு காணாமல் போயிற்று. பீகாரில் 2006இல் பள்ளிச் சிறுமிகளுக்கு சைக்கிள் கொடுத்த திட்டத்தை கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சிறுமிகளின் சேர்க்கை 32 சதவீதம் கூடியது, ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்பது அவர்கள் கண்டது. இது பெரிய காரியம். இதைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் பள்ளிவிட்டு வரும் வழியில் இரண்டு தெரு சுற்றி வீடு திரும்பிய சிறுமி எந்தக் கணக்கிலும் வரமாட்டாள்.

நம் இலக்கியமும் இதில் விதிவிலக்கல்ல. உடன்போக்கில் தலைவி பாலையைக் கடக்கிறாள், தலைவனோடு. கண்ணகி மதுரைக்கு நடக்கிறாள், கணவனோடு; பிறகு தனியே மேற்கே போகிறாள், அநீதியின் சூட்டோடு. காரைக்கால் அம்மையார் கயிலைக்குத் தலையாலேயே நடந்தார், இறைவனுக்காக. கடல்வழிப் பயணம் பெண்களோடு இல்லை என்கிறது தொல்காப்பியம். காதல், கணவன், நீதி, கடவுள் என்று ஒரு காரணச் சீட்டு இல்லாமல் தமிழ்ப்பெண் ஊர் எல்லையைத் தாண்டியதாக எழுதப்படுவது அரிது.

அந்தச் சீட்டின் இன்றைய வடிவம்தான் தர்மப் பயணம். நாற்பதைத் தாண்டிய கல்லூரி ஆசிரியை விடிகாலை ஐந்து மணிக்குத் தனியாக சைக்கிள் எடுப்பதை எங்கள் வீட்டில் யாரும் லேசில் ஒப்பியிருக்க மாட்டார்கள். "நோயாளிகளுக்காக" என்றதும் அம்மா ஃப்ளாஸ்க்கில் சுக்குக்காப்பி ஊற்றிக் கொடுத்தார். நிதி திரட்டுவதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் சீட்டைக் காட்டித்தான் வெளியே வருகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முத்தையாபுரம் தாண்டி ஒரு டீக்கடையில் உப்பளத்துக்குப் போகும் பெண்கள் வேனுக்குக் காத்திருந்தார்கள். "எங்க போறிய டீச்சர்?" என்று மூத்தவர் கேட்டார். ஆத்தூர் வரை போய்த் திரும்புவேன் என்றேன். "அங்க என்ன சோலி?" "சோலி ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான்." அவர் சிரித்தார். "சும்மாவா? எங்களுக்கு அப்படி ஒரு நாள் வாய்க்கணுமே."

அந்தச் சிரிப்பில் என் வாதத்துக்கு எதிரான வலுவான மறுப்பு இருக்கிறது. சம்பளமும் விடுமுறையும் கியர் சைக்கிளும் உள்ளவளுக்கு 'சும்மா' கிடைக்கும். வெயில் ஏறுமுன் உப்பு வாரப் போகிறவளுக்குக் கிடைக்காது. ஆனால் அவர் சொன்னது 'எனக்கு வேண்டாம்' என்றல்ல, 'வாய்க்கணுமே' என்று. சைக்கிள் வாங்கக் காசில்லாத ஆசிரியை வாடகைக்குக் காசு கொடுத்ததும் இதற்காகத்தான். காரணமற்ற அசைவின் மீதான ஆசை வசதி உள்ளவர்களின் ஆடம்பரம் இல்லை. அதற்கான நேரம்தான் அவர்களிடம் குவிந்து கிடக்கிறது.

சும்மா இருத்தலை உச்சநிலையாகப் போற்றிய மரபு நம்முடையது. அதே சொல், நாள் முழுக்க வீட்டில் உழைப்பவளைக் குறிக்கும்போது "அவ சும்மாதான் இருக்கா" என்று ஆகிவிடுகிறது. உழைப்பவளின் உழைப்பை 'சும்மா' என்று மறைக்கும் சமூகம், அவளுக்கு உண்மையான சும்மாவையும் தருவதில்லை. பெண்ணியம் முதல் பாதியை உரக்கப் பேசியிருக்கிறது; வீட்டு உழைப்புக்கு மதிப்புக் கேட்டிருக்கிறது. இரண்டாவது பாதியையும் கேட்க வேண்டும். அடுத்து யாராவது பெண்களின் சைக்கிளைப் பற்றி எழுதவோ ஆராயவோ வந்தால், எத்தனை குடம் சுமந்தார்கள், எத்தனை நாள் பள்ளிக்குப் போனார்கள் என்பதோடு, எத்தனை மாலைகளில் சும்மா சுற்றினார்கள் என்றும் கேட்கட்டும்.