கேமராவும் நானும் கிரேக்கமும்

கேமராவைக் கையிலெடுத்த எவரும் வாழ்நாளில் ஒருமுறையாவது கிரேக்கத்துக்குத் தனியாகப் போய்வர வேண்டும். குழுவோடு போனால் ஊரைப் பார்க்கலாம். தனியாகப் போனால்தான் அந்த ஊரின் வெளிச்சத்தைப் பார்க்க முடியும். சுவரில் விழுந்த நிழல் மெல்ல நகர்ந்து கதவைத் தொடும்வரை ஒரே தெருமுனையில் நிற்க வேண்டியிருக்கும். கூட வருகிறவர்களிடம் அந்தப் பொறுமையை எதிர்பார்ப்பது பாவம்!

ஏதென்ஸிலேயே மனசு பறிபோய்விடுகிறது. அக்ரோபோலிஸ் குன்றின் உச்சியில் பார்த்தெனான். கி.மு. 447-இல் கட்டத் தொடங்கிய கோயில். பென்டெலி மலையில் வெட்டியெடுத்த அதன் பளிங்கில் துளி இரும்பு கலந்திருக்கிறது. அந்த இரும்புதான் காலப்போக்கில் தூண்களுக்குத் தேன் நிறம் ஏற்றியது. நண்பகலில் வெளிறிக் கிடக்கும் தூண்கள், மாலை வெயில் சாய்ந்ததும் உள்ளே விளக்கேற்றியதுபோல் ஒளிர ஆரம்பிக்கின்றன. அதைப் பார்க்க எதிரே இருக்கும் பிலொபாப்போஸ் குன்றுக்கு ஏறிவிடுங்கள். டெலி லென்ஸில் கோயில் முழுசாகக் கைக்குள் வந்துவிடும். 1920-களிலேயே நெல்லிஸ் என்ற பெண் புகைப்படக் கலைஞர் நடனமணிகளை இந்தத் தூண்களுக்கிடையே ஆடவைத்துப் படமெடுத்திருக்கிறார். அதே தூண்கள், அதே வெயில் என்று நினைக்கும்போதே சிலிர்க்கிறது.

குன்றின் சரிவிலேயே அனாஃபியோடிகா. 19-ஆம் நூற்றாண்டில் அரண்மனை கட்ட வந்த அனாஃபி தீவுத் தொழிலாளர்கள் தங்கள் ஊரைப்போலவே கட்டிக்கொண்ட குட்டிக் குடியிருப்பு அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய சந்துகள். மாநகரத்துக்கு நடுவே ஒரு தீவு!

தீவுகளுக்குப் போக, ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் வேகப் படகை விட்டுவிட்டு, மெதுவாகப் போகும் பெரிய ஃபெரியில் ஏறுங்கள். வேகப் படகில் பெரும்பாலும் உப்புப் படிந்த கண்ணாடிக்குப் பின்னால்தான் உட்கார வேண்டும். ஃபெரியிலோ மேல்தளம் முழுக்க நம்முடையது. சிரோஸ் தீவின் எர்மூபோலி நகரம் கடலிலிருந்து இரண்டு குன்றுகளாக எழுந்து வரும் காட்சியை அந்தத் தளத்தில் நின்று பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

நான் உருகிப்போனது நக்ஸோஸ் தீவில். துறைமுகத்தை ஒட்டிய சிறு திட்டில் போர்த்தாரா நிற்கிறது. கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஆரம்பித்து, கட்டி முடிக்காமலே விட்ட கோயிலின் பளிங்கு வாசல். சுவர் இல்லை, கூரை இல்லை, வாசல் மட்டும். சூரியன் அந்த வாசலுக்குள் இறங்கும் நேரம் ஷட்டரை அழுத்தக்கூட மனசு வரவில்லை. திரும்பும் வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் ஆக்டோபஸைக் கொடியில் காயப்போட்டிருந்தார்கள். கிட்டே போனேன். கடைசி வெயில் அதன் கைகளை ஊடுருவி, உறிஞ்சிகள் ஒவ்வொன்றும் விளிம்பில் இளஞ்சிவப்பாகச் சுடர்ந்தன. நான் படமெடுத்து முடிக்கும்வரை காத்திருந்த கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு, அந்தத் தீவுக்கே உரிய கித்ரோன் மதுவை ஒரு சின்னக் கண்ணாடிக் குவளையில் நீட்டினார். தனியாக வருகிறவருக்குத்தான் இப்படியெல்லாம் கிடைக்கும்.

சான்டோரினியைக் கூட்டம் என்று சொல்லித் தவிர்க்காதீர்கள். எரிமலை வெடித்து உருவான கால்டெராவின் விளிம்பில் ஃபிரா ஊரிலிருந்து இயா ஊர் வரை சுமார் 10 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. விடியும் முன்பே கிளம்பிவிட்டால் அது உங்கள் சொந்தப் பாதை. ஒன்றை மறக்க வேண்டாம்: சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்தால் கேமராவின் மீட்டர் ஏமாந்து, வெள்ளையைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கூட்டினால் அந்த வெள்ளை வெள்ளையாகவே வரும்.

சத்தமில்லாத ஊர் வேண்டுமா, ஹைட்ராவுக்குப் போங்கள். காரும் பைக்கும் ஓட அனுமதியில்லாத தீவு. சுமை தூக்கக் கோவேறு கழுதைதான். நகரம் வேண்டுமா, தெசலோனிக்கி. கடற்கரையில் ஸோங்கொலோபூலோஸ் வடித்த குடைச் சிற்பம். காற்று தெளிந்த நாளில் வளைகுடாவுக்கு அப்பால் ஒலிம்பஸ் மலை. துறைமுகத்தின் பழைய கிடங்கில் புகைப்படத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம். இதற்கு மேல் நமக்கு என்ன வேண்டும்?

மே மாதமோ அக்டோபரோ உத்தமம். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று அடித்தால் ஃபெரிகளே நின்றுபோகும். ஒரு கேமரா, ஒரு 35 எம்எம் லென்ஸ், தேய்ந்தாலும் வழுக்காத செருப்பு போதும். துணைக்கு ஆள் சேரட்டும் என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஷெங்கன் விசாவுக்கு இன்றே விண்ணப்பியுங்கள், தனியாகவே கிளம்புங்கள்.