நீருக்கடிப் படம்: பிலிமா, டிஜிட்டலா?

நீருக்கடியில் எடுத்த படம் ஒன்று கைக்கு வந்தால், மீனைப் பார்ப்பதற்கு முன் சிவப்பு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பைத்தான். தெளிந்த கடலில்கூட 5 மீட்டருக்குள் அதன் பெரும்பகுதி போய்விடும். அடுத்து ஆரஞ்சு, பிறகு மஞ்சள். மிஞ்சுவது பச்சையும் நீலமும்.

இதைக் கண்ணால் பார்க்க, கடலில்லாத அரூரில் இருக்கும் நாம் ராமேஸ்வரம் வரை போகவேண்டியதில்லை. மழைக்குப் பிறகு நிரம்பிய பாசனக் கிணறு போதும். உச்சிவெயிலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளிக்குள் கல்லைப் போட்டு, கயிற்றில் கட்டி மெல்ல இறக்குங்கள். முதல் ஒரு முழம் சிவப்பு அப்படியே இருக்கும். இரண்டு ஆள் ஆழத்தில் மங்கிப் பழுப்பாகும். இன்னும் கீழே கறுத்த ஓர் உருவம் மட்டும் தெரியும். வெயில் வாளிவரை இறங்கி, அங்கிருந்து மறுபடி நம் கண்ணுக்கு ஏறி வரவேண்டும். போகும்போதும் வரும்போதும் நிறத்தை இழக்கிறது. பாசி மண்டிய கிணறாக இருந்தால் இன்னும் சீக்கிரம் எல்லாம் பச்சையில் முடிந்துவிடும்.

அப்படியானால் 15 மீட்டர் ஆழத்தில் எடுத்த படத்தில் பவளம் ரத்தச் சிவப்பாக இருக்கிறதே, எப்படி? ஒன்று, எடுத்தவர் ஃபிளாஷ் வெளிச்சத்தைக் கையோடு கொண்டுபோயிருக்கிறார். அல்லது கரையேறிய பிறகு கணினியில் நிறத்தை மீட்டிருக்கிறார். பிலிமா, டிஜிட்டலா என்ற கேள்வியே இங்கேதான் இருக்கிறது.

பிலிம்காரருக்கு இரண்டாவது வழி கிட்டத்தட்ட இல்லை. எல்லா முடிவையும் தண்ணீருக்குள்ளேயே எடுத்தாகவேண்டும். உதாரணத்துக்கு நிக்கோனோஸ் கேமரா: கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோவுக்காகப் பொறியாளர் ழான் டி வூட்டர்ஸ் உருவாக்கிய கலிப்சோ கேமராவை நிக்கான் எடுத்துக்கொண்டு, 1963-ல் நிக்கோனோஸ் என்று வெளியிட்டது. 2001 வரை அந்த வரிசை ஓடியது. கடைசியாக வந்த ஆர்எஸ் மாடலை விட்டுவிட்டால், நிக்கோனோஸில் லென்ஸ் வழியாகப் பார்க்க முடியாது. தூரத்தைக் குத்துமதிப்பாகத்தான் வைக்கவேண்டும். சுருளுக்கு 36 படம். தண்ணீருக்குள் இருந்தபடி சுருளை மாற்ற வழியில்லை. ஸ்லைடு பிலிமாக இருந்தால் வெளிச்சக் கணக்கு கொஞ்சம் பிசகினாலும் படம் போச்சு.

மிக அருகில் எடுக்க, லென்ஸுக்கு முன்னால் ஒரு கம்பிச் சட்டத்தை மாட்டுவார்கள். சட்டத்துக்குள் வந்தது ஃபோகஸில் இருக்கும். எந்த மீன் தன் முகத்துக்கு நேரே வரும் கம்பியைப் பார்த்துக்கொண்டு நிற்கும்? அதனால்தான் அந்தக் காலத்து நிக்கோனோஸ் குளோசப்புகளில் பவளமும் கடல்நத்தையும் அதிகம். கூச்சமுள்ள மீன் ஒன்று அப்படி ஒரு பழைய படத்தில் சிக்கியிருந்தால், எழுந்து நின்று கைதட்டலாம்.

பிலிமின் அழகைப் பிடிக்க எனக்குத் தெரிந்த சிறந்த இடம், கீழிருந்து மேலே பார்த்து எடுத்த படத்தில் தெரியும் சூரியன். அதன் விளிம்பைக் கவனியுங்கள். நல்ல பிலிமில் வெண்மை மஞ்சளாகி, பச்சையாகி, நீலத்தில் கரையும். எங்கே முடிந்தது என்று கோடு போட முடியாது. ஆரம்பகால டிஜிட்டல் படங்களில் நடுவே வெந்துபோன வெள்ளை வட்டமும் சுற்றிலும் அசட்டு வளையமும் இருக்கும். இன்றைய கேமராக்கள் இதில் வெகுவாகத் தேறிவிட்டன.

டிஜிட்டல் படத்தில் வேறொன்றைப் பாருங்கள்: மணலும் பின்னணித் தண்ணீரும். மீனுக்குச் சிவப்பு கொடுக்கிறேன் என்று கணினியில் அளவுமீறி இழுத்திருந்தால், மணல் ரோஜா நிறமாகும், தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். தண்ணீரில் மிதக்கும் தூசி ஃபிளாஷ் பட்டு வெள்ளைப் புள்ளிகளாக விழுவது இரண்டிலும் உண்டு. ஃபிளாஷைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துத் தவிர்ப்பது கைத்திறன். பிறகு ஒவ்வொன்றாக அழிப்பது பொறுமை. முன்னதற்கே என் மதிப்பெண்.

நமக்கு அருகிலேயே ஒரு வரலாறு உண்டு. போர்த்துகீசியர் 17-ஆம் நூற்றாண்டில் இடித்த திருக்கோணேஸ்வரத்தின் சிதிலங்களைத் திருகோணமலைக் கடலடியில் புகைப்படக்காரர் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் 1956-ல் கண்டார்கள். எடுத்த படம் சரியா என்று அங்கேயே திரையில் பார்க்கும் வசதி இல்லாத காலம். அந்தக் காலப் படங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

எதை வாங்குவது என்று கேட்டால், தயங்காமல் டிஜிட்டல். ஸ்லைடு பிலிமைக் கழுவ அரூரில் எங்கே போவீர்கள்? பழைய நிக்கோனோஸ் மலிவாகக் கிடைத்தாலும், அதன் ரப்பர் வளையங்கள் இறுகிப்போயிருந்தால் முதல் முழுக்கிலேயே உள்ளே தண்ணீர்தான். சில ஆக்‌ஷன் கேமராக்கள் 10 மீட்டர் ஆழம்வரை தனிப்பெட்டி இல்லாமலே தாங்கும். அதுவும் வேண்டாமென்றால் போனுக்கு நல்ல வாட்டர்புரூஃப் உறை வாங்குங்கள். தண்ணீருக்குள் தொடுதிரை வேலை செய்யாது, வால்யூம் பட்டனை அமுக்கி எடுக்கவேண்டும். போனின் ஃபிளாஷ் லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தூசிதான் மின்னும், அதை அணைத்துவிடுங்கள். ஒரு முழுக்குக்கு 36 படத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், பிலிம் தரும் பயிற்சியில் பாதி செலவில்லாமல் கிடைக்கும்.

படமெடுக்கக் கிணற்றில் இறங்குவதாக இருந்தால், அதற்கு முன் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவர் மேலே இல்லாமல் இறங்காதீர்கள்.