சந்தாவும் சகவாசமும்

2002-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் கன்சோல்களை இணையத்தின் வழியே பிணைக்கும் காரியத்தில், இரண்டு பெரிய நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு மார்க்கங்களைத் தேர்ந்துகொண்டன. சோனி, அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்காவில் பிளேஸ்டேஷன் 2-க்கு நாற்பது டாலர் விலையில் ஒரு நெட்வொர்க் அடாப்டரை வெளியிட்டு, டயல்-அப் இணைப்போ பிராட்பேண்டோ தமக்கு வாய்த்ததைக் கொண்டு எவரும் ஆடலாம் என்றும், தனக்குச் சந்தா எதுவும் தரவேண்டியதில்லை என்றும் அறிவித்து, சர்வர் நடத்தும் பொறுப்பைக் கேம்களை வெளியிடுவோரிடமே விட்டுவிட்டது. மைக்ரோசாஃப்டோ, நவம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய எக்ஸ்பாக்ஸ் லைவுக்கு ஓராண்டுச் சந்தாவும் ஹெட்செட்டும் அடங்கிய பெட்டியை ஐம்பது டாலருக்கு விற்று, டயல்-அப்பை அடியோடு மறுத்து, எல்லாக் கேம்களும் தன் ஒரே வாசல் வழியாகவே வரவேண்டும் என்று விதித்தது. பணம் கேட்ட சேவை மேலானதென்று பெயர் பெற்றதும், பணம் கேளாத சேவை பத்தாண்டுக் காலம் அதற்கு ஒரு படி தாழ்ந்ததாகவே மதிக்கப்பட்டதும், முடிவில் கேளாதவர்களும் கேட்கத் தொடங்கியதும் எவ்விதம் நேர்ந்தன என்பதையும், அதில் நியாயம் எவ்வளவு என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

கன்சோலை இணையத்தோடு சேர்க்கும் எண்ணம் இவர்களுக்கு முன்பே சேகா நிறுவனத்துக்கு இருந்தது. 1998-இல் ஜப்பானில் வெளிவந்த அதன் டிரீம்காஸ்ட் கன்சோலின் உடலிலேயே மோடம் பொருத்தப்பட்டிருந்தது. 2000-ஆம் ஆண்டின் இறுதியில் வந்த ‘ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன்’, வெவ்வேறு தேசத்தார் ஒரே களத்தில் கூடி ஆடுவது கன்சோலிலும் சாத்தியமே என்று நிரூபித்தது. ஆனால் 2001 மார்ச்சில் அந்த இயந்திரத்தின் உற்பத்தியே நின்றுபோனதால், அந்த முயற்சியின் பலனை அனுபவிக்கும் பாக்கியம் அதைத் தொடங்கியவர்களுக்கு வாய்க்கவில்லை.

எக்ஸ்பாக்ஸ் லைவின் மேன்மை இணைப்பின் வேகத்தில் இருந்தது என்று பலர் கருதுகிறார்கள். என் அபிப்பிராயம் அதுவன்று. பிளேஸ்டேஷன் 2-இல் ஒரு கேமில் ஒரு பெயர், மற்றொன்றில் வேறொரு பெயர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நண்பர் பட்டியல் என்று ஆடுபவரின் அடையாளம் சிதறிக் கிடந்த காலத்தில், ‘கேமர்டேக்’ என்ற ஒரே பெயரை அளித்து, எந்தக் கேமில் நுழைந்தாலும் அதே பெயரும் அதே நண்பர்களும் உடன் வரும்படி செய்ததே மைக்ரோசாஃப்டின் பிரதான சாதனை. ஹெட்செட்டைச் சந்தாவோடு சேர்த்தே கொடுத்ததும் அதே தீர்க்கதரிசனத்தைச் சேர்ந்தது. ஏனெனில், பேசும் வசதி எல்லோரிடமும் இருந்தாலன்றி, அதை நம்பி ஒரு கேமை அமைக்க எந்தப் படைப்பாளியும் துணியமாட்டார். வாடிக்கையாளரோடு கொள்ளும் உறவைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ள விரும்பிய எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் போன்ற ஒரு பெரிய வெளியீட்டாளர், இந்த ஒற்றை வாசலை ஏற்க மறுத்து, 2004 வரை விலகியே நின்றதிலிருந்து, அந்த வாசலின் மதிப்பை வியாபாரிகள் எவ்வளவு நன்றாக உணர்ந்திருந்தார்கள் என்பது தெளிவாகும்.

2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இந்தத் தத்துவத்தை இன்னும் ஆழமாகச் செயல்படுத்தியது. கன்ட்ரோலரின் நடுவே ஒரு பொத்தான் வைத்து, எந்த ஆட்டத்தின் மத்தியிலும் அதை அழுத்தினால் நண்பர்களில் யார் எங்கே ஆடிக்கொண்டிருக்கிறார்கள் என்று காட்டி, அங்கிருந்தபடியே அழைப்பு விடுக்கும் வசதியை அது தந்தது. 2008 நவம்பரில் வந்த புதுப்பிப்பின் பின்னர், எட்டுப் பேர் எட்டு வெவ்வேறு கேம்களில் இருந்தாலும் ‘பார்ட்டி’ என்ற ஒரே குழுவாகப் பேசிக்கொண்டிருக்கலாம் என்றாயிற்று. சரிசமமான எதிரியைத் தேடித் தரும் வேலைக்கு, மைக்ரோசாஃப்டின் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடத்தில் உருவான ‘ட்ரூஸ்கில்’ என்ற கணித முறை பயன்பட்டது. ஒருவருடைய திறமையை ஒரே எண்ணால் குறிக்காமல், திறமையின் மதிப்பீடு ஒன்றும் அந்த மதிப்பீட்டில் எவ்வளவு ஐயம் உள்ளது என்பதற்கு இன்னொன்றுமாக இரண்டு எண்களால் குறித்து, ஆட்டங்கள் கூடக்கூட ஐயத்தைக் குறைத்துக்கொண்டே போகும் அந்த முறை, புதிதாக வந்தவரையும் சில ஆட்டங்களிலேயே அவருக்குத் தகுந்த இடத்தில் சேர்த்துவிடும் ஆற்றலுடையது. ஆடுபவரின் மனநிலையை இத்தனை சிரத்தையோடு சிந்தித்த சேவை அன்று வேறெந்தக் கன்சோலிலும் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3, இதற்கு எதிரே இலவசத்தை நிறுத்தியது. ஒரே பெயரும் ஒரே நண்பர் பட்டியலும் அதிலும் வந்துவிட்டன. ஆனால் ஆட்டத்தின் நடுவே அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கும் வசதி 2008 ஜூலையில்தான், ‘ட்ரோஃபி’ என்ற சாதனைச் சின்னங்களோடு சேர்ந்து வந்தது. வேறுவேறு கேம்களில் இருப்போர் கூடிப் பேசும் வசதியோ அந்த இயந்திரத்தின் ஆயுள் முடியும்வரை வரவேயில்லை. நினைவகத்தில் அதற்கு இடம் ஒதுக்கப்படவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். சகவாசத்தைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி இயந்திரத்தை வடித்தவர்களுக்கும், அதையே அஸ்திவாரமாகக் கொண்டு வடித்தவர்களுக்கும் உள்ள பேதம் இதில் வெளிப்படுகிறது.

ஆயினும், இணைப்பின் தரம் என்ற ஒன்றை மட்டும் தனியே எடுத்து நிறுத்தால், தராசு மறுபக்கம் சாய்வதைக் காணலாம். எக்ஸ்பாக்ஸ் 360-இன் பெரும்பாலான கேம்களில் நடுநிலையான சர்வர் கிடையாது. ஆடுபவர்களுள் ஒருவருடைய கன்சோலே ‘ஹோஸ்ட்’ ஆகி, மற்றவர்களின் அசைவுகளையெல்லாம் பெற்றுத் தீர்ப்புச் சொல்லும். களத்தின் நடுவர் தாமே ஓர் ஆட்டக்காரராகவும் இருப்பதைப் போன்றது இது: அவருடைய குண்டு அவர் சுட்ட கணத்திலேயே கணக்கில் ஏற, ஏனையோரின் குண்டு இணையத்தைக் கடந்து வந்த பின்னரே கணக்கில் ஏறும். 2006-இல் வந்த ‘கியர்ஸ் ஆஃப் வார்’ கேமில், நெருங்கி நின்று ஷாட்கன்னால் சுடும் தருணங்களில், இந்த அனுகூலம் வெற்றி தோல்வியையே நிர்ணயிப்பதாக ஆடுவோர் ஓயாமல் முறையிட்டதை அக்காலத்தில் ஆடியவர் எவரும் மறந்திருக்கமாட்டார். இலவசமான பிளேஸ்டேஷன் 3-இலோ, ‘ரெசிஸ்டன்ஸ்’ கேமில் நாற்பது பேரும், ‘வார்ஹாக்’ கேமில் முப்பத்திரண்டு பேரும், 2010-இல் வந்த ‘மேக்’ கேமில் ஒரே களத்தில் 256 பேரும், அதற்கென்றே நிறுவப்பட்ட சர்வர்களில் ஆடினார்கள். ஆகவே, சந்தா செலுத்தியவர் தம் வீட்டு இணைப்பையும் தம் கன்சோலையும் கொண்டே பிறருக்கு ஆட்டம் நடத்திக் கொடுத்தார் என்பதும், செலுத்தாதவருக்குக் கம்பெனியே சர்வர் வைத்துக் கொடுத்தது என்பதும், கட்டணம் எதற்காக என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாததாக்குகின்றன.

பெயர், நண்பர் பட்டியல், குரல், பொருத்தம் பார்த்தல் ஆகியவற்றைப் பேணுவதற்கான செலவே அக்கட்டணம் என்று வாதிப்பவர்கள் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனால் மைக்ரோசாஃப்டின் நடத்தையே அதற்குச் சாதகமாக இல்லை. 2007-இல் அதே சேவையை விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுசென்று அங்கும் சந்தா விதிக்க முயன்ற அந்நிறுவனம், கம்ப்யூட்டரில் பணம் தராமலே இணைந்து ஆடிப் பழகிய ஜனங்கள் அதை ஏற்க மறுத்ததனால், 2008 ஜூலையில் அங்கு அதை இலவசமாக்கிவிட்டது. போட்டி இருந்த இடத்தில் இரண்டாண்டுகூட நிற்க முடியாத கட்டணம், மூடிய வாசலுக்குள்ளே மட்டும் 2010-இல் ஆண்டுக்கு அறுபது டாலராக உயர்ந்தது. இதனினும் கண்டிக்கத்தக்கது, நெட்ஃபிளிக்ஸுக்குத் தனியே சந்தா கட்டியிருந்த ஒருவர், அதை எக்ஸ்பாக்ஸ் வழியே பார்ப்பதற்கு, 2014 ஜூன் வரை, இந்தச் சந்தாவையும் கட்டவேண்டியிருந்தது. நெட்ஃபிளிக்ஸ் தன் சர்வரிலிருந்து அனுப்பும் படத்துக்கும், கேமர்டேக்குக்கும் பார்ட்டிக்கும் என்ன சம்பந்தம்? வாசலைக் கடப்பதற்கான வரி என்பதைத் தவிர அதற்கு வேறு விளக்கம் எனக்குப் புலப்படவில்லை.

நின்டெண்டோவின் மார்க்கம் முற்றிலும் வேறானது. 2005 நவம்பரில் ‘மேரியோ கார்ட் டிஎஸ்’ கேமோடு தொடங்கிய அதன் வைஃபை சேவை இலவசமாகவே இருந்தது. ஆனால் இருவர் நண்பர்களாக வேண்டுமெனில் பன்னிரண்டு இலக்கமுள்ள ‘ஃப்ரெண்ட் கோட்’ ஒன்றை வேறு ஏதேனும் வழியில் பரிமாறிக்கொண்டு, இருவருமே அதைத் தத்தம் இயந்திரத்தில் பதியவேண்டும். கேமுக்குக் கேம் அந்த எண்ணும் மாறும். இதைப் பரிகசித்தவர்கள் அனேகர். நானோ இதை அவ்வளவு எளிதில் தள்ளிவிட மாட்டேன். எக்ஸ்பாக்ஸ் லைவின் ஹெட்செட் வழியே முன்பின் அறியாத பெரியவர்களின் வசைமொழி சிறுவர்களின் காதில் விழுந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், குழந்தையின் அனுமதியும் அறிமுகமும் இன்றி ஓர் அந்நியர் அதனோடு பேசவே முடியாது என்ற ஏற்பாடு, பெற்றோருக்கு உண்மையான நிம்மதியை அளித்தது. மைக்ரோசாஃப்டும் ஆடுவோரை ‘ரெக்ரியேஷன்’, ‘ப்ரோ’, ‘ஃபேமிலி’, ‘அண்டர்கிரவுண்ட்’ என்று நான்கு வகையாகப் பிரித்துப் பார்த்தது. ஆயினும் அந்தப் பிரிவினையால் வசை குறைந்ததாக அனுபவத்தில் தெரியவில்லை. நின்டெண்டோவின் பிழை பாதுகாப்பை விரும்பியதில் இல்லை. குழந்தைக்கு வேண்டிய காவலை வயது வந்தவர் மீதும் ஒரே அளவில் சுமத்தியதில்தான் இருந்தது. பிற்காலத்தில் அந்தக் காவலுக்கும் ஒரு விலை வந்தது: 2018 செப்டம்பரில் ஸ்விட்ச் கன்சோலுக்கு ஆண்டுக்கு இருபது டாலர் சந்தா விதிக்கப்பட்டது, குரல் வழியே பேசுவதற்கோ தனியே ஒரு மொபைல் போனை எடுத்து அதில் ஒரு செயலியைத் திறக்கவேண்டியிருந்தது. கன்சோலிலேயே பேசும் வசதி 2025-இல் வந்த ஸ்விட்ச் 2-இல்தான் முறையாக அமைந்தது.

ஒற்றை அடையாளம் என்ற ஏற்பாட்டை இதுவரை புகழ்ந்தேன்; அதன் அபாயத்தையும் கூறுவது கடமை. 2011 ஏப்ரல் 20-ஆம் தேதி பிளேஸ்டேஷன் நெட்வொர்க் திடீரென நின்றுபோயிற்று. பெயர், முகவரி, பிறந்த தேதி, பாஸ்வேர்டு முதலிய விவரங்கள் களவுபோயின என்பதைச் சோனி 26-ஆம் தேதியன்றுதான் வெளிப்படையாகத் தெரிவித்தது. சுமார் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளைத் தொட்ட அந்த விபத்தின் பின், சேவை மீளத் தொடங்குவதற்கு மே மாதத்தின் நடுப்பகுதி ஆயிற்று. கேமுக்கு ஒரு பெயர் என்றிருந்த பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஒரு சர்வர் உடைந்தால் ஒரு கேமோடு நஷ்டம் முடிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோத்த பின்னர், அக்கயிறு அறுந்தால் எல்லாமே சிதறும். இலவசமாகக் கொடுத்தோம் என்பது, பிறருடைய அந்தரங்க விவரங்களைக் காக்கும் பொறுப்பிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை. பணம் பெற்றால் மட்டும் காவல் உறுதியாகிவிடும் என்பதற்கும் ஆதாரமில்லை. 2014 கிறிஸ்துமஸ் நாளில் தாக்குதலுக்கு ஆளாகிச் செயலிழந்தபோது, எக்ஸ்பாக்ஸ் லைவும் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கும் ஒருங்கே விழுந்தன. அன்று இரண்டுமே சந்தா பெறும் சேவைகளாகிவிட்டிருந்தன.

ஆம், 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது, இலவச ஆட்டம் என்ற தன் பழைய கொள்கையைச் சோனி கைவிட்டது. மாதந்தோறும் சில கேம்களை வழங்குவதற்காக 2010-இல் ஏற்பட்ட பிளேஸ்டேஷன் பிளஸ், இப்போது பிறரோடு கூடி ஆடுவதற்கே அவசியமாயிற்று. என் மனத்தை மிகவும் வருத்துவது இந்தத் திருப்பம்தான். அதுவரை, எக்ஸ்பாக்ஸ் கட்டணத்தை எதிர்ப்பவருக்குப் பக்கத்துக் கன்சோலைச் சுட்டிக்காட்ட முடிந்தது; அதற்குப் பின், நின்டெண்டோவைத் தவிர, சுட்டிக்காட்ட ஒன்றும் மிஞ்சவில்லை. இலவசமாகக் கிடைக்கும் கேம்களுக்கு மட்டும் சோனி விலக்கு அளித்தது; மைக்ரோசாஃப்டோ, ‘ஃபோர்ட்நைட்’ போன்ற இலவசக் கேமுக்கும் 2021 ஏப்ரல் வரை சந்தா வாங்கியே வந்தது. அவ்வாண்டு ஜனவரியில் கட்டணத்தைக் கடுமையாக உயர்த்துவதாக அறிவித்துவிட்டு, எழுந்த ஆட்சேபணையின் வேகத்தைக் கண்டு அன்றைக்கே அதை வாபஸ் பெற்ற பின்னரே அந்த விலக்கும் வந்தது. 2023 செப்டம்பரில் பிளேஸ்டேஷன் பிளஸின் ஓராண்டு அடிப்படைச் சந்தா அறுபதிலிருந்து எண்பது டாலராயிற்று. அம்முறை எந்த ஆட்சேபணையும் பலிக்கவில்லை.

ஒன்றுகூடி ஆடுவதற்கு, கன்சோல்களுக்கிடையே நிறுவனங்கள் எழுப்பிய மதிலே பெருந்தடை என்பதை 2018 நன்கு காட்டியது. பிளேஸ்டேஷனில் பயன்படுத்திய ‘ஃபோர்ட்நைட்’ கணக்கை ஸ்விட்சில் திறக்க முடியாதபடி சோனி தடுத்திருந்தது. ஆடுவோரின் கோபம் தணியாததால் அவ்வாண்டு செப்டம்பரில் இணங்கி, மூன்று கன்சோல்களும் ஒரே களத்தில் கூட வழிவிட்டது. தொழில்நுட்பத் தடை எதுவும் இருக்கவில்லை என்பது அன்று வெளியாயிற்று. ஏனெனில் ‘ஃபைனல் ஃபேன்டசி 11’ பல ஆண்டுகளுக்கு முன்பே பிளேஸ்டேஷன் 2-இலும் கம்ப்யூட்டரிலும் எக்ஸ்பாக்ஸ் 360-இலும் இருந்தோரை ஓர் உலகில் சேர்த்திருந்தது.

மூன்று சேவைகளுக்கும் பொதுவான ஒரு குறையைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமை பெறாது: மூடும் நாள் வரும்போது, ஆடுவோருக்கு என்ன மிஞ்சும் என்பதை இவற்றுள் எதுவும் முன்கூட்டிச் சிந்திக்கவில்லை. முதல் எக்ஸ்பாக்ஸின் லைவ் சேவை 2010 ஏப்ரல் 15-இல் நின்றது. ‘ஹேலோ 2’ கேமை ஆடிக்கொண்டிருந்த ஒரு சிலர், கன்சோலை அணைக்காமல், அடுத்த மாதம்வரையிலும் அக்களத்திலேயே தங்கியிருந்தார்கள். நான் மேலே குறைகூறிய ஹோஸ்ட் முறைதான், சர்வரின் தயவின்றி ஆட்டத்தை நடத்தும் இயல்பினால், அவர்களுக்கு அந்த அவகாசத்தை அளித்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். நின்டெண்டோவின் வைஃபை சேவை 2014 மே 20-இல் முடிந்தது. 3டிஎஸ், வீ யூ இயந்திரங்களின் சேவை 2024 ஏப்ரலில் முடிந்தது. இவற்றுக்குப் பதிலாக ‘வீம்ஃபி’, ‘இன்சிக்னியா’, ‘பிரிடெண்டோ’ என்ற பெயர்களில் ரசிகர்கள், கம்பெனிகளின் உதவி சிறிதுமின்றி, பழைய இயந்திரங்கள் பேசும் முறையைத் தாமே ஆராய்ந்தறிந்து, சர்வர்களைப் புதிதாக எழுதி, கட்டணமின்றி நடத்துகிறார்கள். ஆண்டுக்கணக்கில் சந்தா பெற்ற நிறுவனங்கள், ஒரு சேவையை மூடும் தினத்தில், அதன் சர்வர் நிரலையும் தொடர்பு முறையின் விவரங்களையும் இவர்கள் கையில் ஒப்படைத்துவிட்டுச் செல்லவேண்டும் என்று கோருவதற்கு ஆடுவோருக்குப் பூரண உரிமை உண்டு. அடுத்த கன்சோலுக்குச் சந்தா கட்டும் முன் கேட்டுப் பெறவேண்டிய முதல் வாக்குறுதியும் அதுவே.