நள்ளிரவு நாற்காலி

நாடகத்தையும் கூத்தையும் மேடைப்பேச்சையும் திறனாய்வுக்கு உரியனவாக ஏற்றுக்கொண்ட நாம், தொலைக்காட்சிப் பேச்சுக்கலையை இன்னும் வாயிற்படிக்கு வெளியிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றோம். வணிகர் தம் பொருளை விற்பதற்காக வாங்கிக்கொள்ளும் நேரத்தில் விளைவது கலையாகுமோ என்னும் ஐயமே இதற்குக் காரணம். ஐயம் நியாயமானதே. எனினும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1954ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ ஒரே வடிவில் நடந்துவந்த பின்னிரவு உரையாடல் நிகழ்ச்சிகள் திறனாய்வாளனுக்கு ஓர் அரிய வாய்ப்பினை நல்குகின்றன. அங்கே மேசை மாறுவதில்லை, நேரம் மாறுவதில்லை, அமர்பவர் மட்டுமே மாறுகின்றார். புதிதாக அமர்ந்தவர் எவ்வாறு காலூன்றுகின்றார்? அவர் வென்றார், தோற்றார் என்று யார், எப்பொழுது, எதைக்கொண்டு முடிவு கட்டுகின்றனர்? இவ்வினாக்களே இக்கட்டுரைக்குப் பொருளாகும்.

முதலில் வடிவத்தைக் கூறிவிடுவோம். இரவு மணி 11.30. உள்ளூர்ச் செய்திகள் முடிகின்றன. வாத்தியக் குழு முழங்க, திரையை விலக்கிக்கொண்டு நெறியாளர் வருகின்றார். அன்றைய நாட்டு நடப்பைத் தொட்டுச் சில நிமிடங்கள் நின்றபடியே நகைச்சுவையாகப் பேசுகின்றார். பின்னர் மேசைக்குப் பின்னே அமர்ந்து, நடிகர், பாடகர், அரசியல்வாதி என வரும் விருந்தினரோடு உரையாடுகின்றார். என்.பி.சி. நிறுவனத்தின் 'டுனைட் ஷோ'வில் ஸ்டீவ் ஆலன் தொடங்கிவைத்த அமைப்பு இது. இதனைக் காண்பவர் நுழைவுச்சீட்டு வாங்கி அரங்கில் நிமிர்ந்து அமர்ந்திருப்பவர் அல்லர். பகலெல்லாம் உழைத்துவிட்டுப் படுக்கையிற் சாய்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டிருப்பவர். அந்நேரத்தில் அவர் நாடுவது பழகிய ஒரு குரலை. பழக்கமோ நாள்பட உண்டாவது. ஆனால் நீல்சன் நிறுவனத்தார் திரட்டும் பார்வையாளர் கணக்கு, பழக்கம் உண்டாகும்வரை காத்திருப்பதில்லை. இந்த முரண்பாட்டிற்குள்தான் ஒவ்வொரு புதிய நெறியாளரும் தள்ளப்படுகின்றார்.

ஜானி கார்சன் 1962ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் அந்நாற்காலியில் அமர்ந்தார். 1992ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் எழுந்தார். அவருக்கு முன்னவரான ஜாக் பார் உணர்ச்சிவயப்பட்டவர். தம் நகைச்சுவைத் துணுக்கொன்றை நிலையத்தார் வெட்டிவிட்டனர் என்பதற்காக 1960இல் நிகழ்ச்சியின் நடுவிலேயே எழுந்து சென்றவர். கார்சனோ எதிலும் பட்டும் படாமலும் நின்றார். அவருடைய கலை நுட்பம் எடுபட்ட துணுக்குகளைக் காட்டிலும் எடுபடாத துணுக்குகளிலேயே மிகுதியாக விளங்கிற்று எனலாம். துணுக்கு விழுந்துவிட்டால் ஒரு கணம் மௌனமாக நிற்பார். அரங்கினரை ஏற இறங்கப் பார்ப்பார். அந்த வீழ்ச்சியையே அடுத்த நகைப்புக்குப் பொருளாக்கிவிடுவார். அவரை எதிர்த்துப் பலர் வந்தனர். ஜோயி பிஷப், மெர்வ் கிரிஃபின் ஆகியோர் வந்து போயினர். அவருக்கு நிலையான மாற்று நெறியாளராக இருந்த ஜோன் ரிவர்ஸ் 1986இல் ஃபாக்ஸ் நிலையத்தில் போட்டி நிகழ்ச்சி தொடங்கினார். ஓராண்டு நிறைவதற்குள் நீக்கப்பட்டார். கார்சனின் நட்பையும் இழந்தார். ஏ.பி.சி.யில் பேசிய டிக் காவெட்டைப் பற்றி மட்டும் ஒரு சொல் கூற வேண்டும். விருந்தினரை ஆழமாகப் பேசவைத்ததில் காவெட் கார்சனுக்கு ஒரு படி மேலே நின்றார் என்பது என் துணிபு. கணக்கில் அவர் தோற்றார். அத்தோல்வியைக் கொண்டு அவர் உரையாடற் கலையை எடைபோட்டால் பிழை நம்முடையதாகும்.

கார்சன் ஓய்வு பெற்றபொழுது மூண்ட போட்டி இத்துறையின் பாரதப்போர் எனத்தக்கது. 1982 முதல் கார்சனுக்கு அடுத்த நேரத்தில், 12.30 மணிக்குப் பேசிவந்த டேவிட் லெட்டர்மன் அந்நாற்காலி தமக்கே உரியதென எண்ணியிருந்தார். என்.பி.சி. நிறுவனமோ அதனை ஜே லெனோவுக்கு அளித்தது. அளித்த பின்னரும் அதற்குத் தெளிவில்லை. லெட்டர்மன் வேறு நிலையத்துக்குச் செல்ல முற்பட்டதும், லெனோவை விலக்கிவிட்டு அவரையே அமர்த்தலாமா என்று மேலாளர்கள் கூடி ஆராய்ந்தனர். அவர்கள் தொலைபேசி வழியே நடத்திய கலந்துரையாடலை லெனோ ஒரு சிற்றறையில் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்டார் என்பதைப் பில் கார்ட்டர் என்னும் செய்தியாளர் தம் நூலில் பதிவு செய்துள்ளார். நாட்டு மக்களை இரவுதோறும் சிரிக்க வைக்கும் ஒருவர், தம் பதவி நிலைக்குமா என்றறிய இருட்டறையில் அமர்ந்து செவிசாய்க்க நேர்ந்தது. இதைவிடச் சோகமான நகைச்சுவையை எந்த நாடகாசிரியர் எழுதியிருக்கக்கூடும்?

லெட்டர்மன் சி.பி.எஸ். நிறுவனத்தில் சேர்ந்து, நியூயார்க் நகரின் எட் சலிவன் அரங்கிலிருந்து 1993 ஆகஸ்ட் 30ஆம் நாள் தொடங்கினார். ஏறத்தாழ ஈராண்டுகள் அவரே முன்னின்றார். லெனோவின் கதை முடிந்தது என்று பலரும் நினைத்தனர். 1995 ஜூலையில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. ஒழுக்கக்கேடான செயலுக்காகக் கைதாகி ஊர்வாயில் விழுந்திருந்த நடிகர் ஹியூ கிராண்ட் லெனோவின் விருந்தினராக வந்தார். நாடே கேட்க விரும்பிய கேள்வியை லெனோ முதற்கண் கேட்டார். அன்றிரவு அவர் லெட்டர்மனை முந்தினார். அதன்பின் நெடுங்காலம் முன்னணியிலேயே இருந்தார். ஒரே இரவில் நிகழ்ந்த மாயம் என்று இன்றும் இதனைச் சொல்வோர் உளர். அஃது ஆராயாதார் கூற்று.

அந்த இரவுக்கு முன்னரே இரண்டு மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. சி.பி.எஸ். நிறுவனம் 1993 இறுதியில் கால்பந்தாட்ட ஒளிபரப்பு உரிமையை ஃபாக்சிடம் இழந்தது. அடுத்த ஆண்டில் அதன் இணைநிலையங்கள் பலவும் ஃபாக்ஸ் பக்கம் சாய்ந்தன. என்.பி.சி.யின் முன்னிரவு நாடகத் தொடர்களோ அதே காலத்தில் ஓங்கின. முன்னிரவில் ஒரு நிலையத்தைப் பார்ப்பவர் செய்தி முடிந்தும் அதிலேயே தங்கிவிடுகின்றார். எழுந்து போய் மாற்றுவதற்குச் சோம்பல். நெறியாளரின் திறமைக்கும் இதற்கும் தொடர்பில்லை. இரண்டாவது மாற்றம் லெனோ தாமே செய்துகொண்டது. அவர் சிறு இரவு விடுதிகளில் ஊர் ஊராகச் சென்று பேசி வளர்ந்தவர். முன்வரிசையினரின் முகம் தெரிந்தால்தான் அவர் பேச்சு சூடுபிடிக்கும். கார்சனின் அரங்கிலோ நெறியாளருக்கும் மக்களுக்கும் இடையே அகன்ற வெளி. 1994இல் அரங்கையே மாற்றியமைத்து, மக்களைத் தம் கைக்கெட்டும் தொலைவில் அமர்த்திக்கொண்டார் லெனோ. நிகழ்ச்சி தொடங்கும்பொழுது அவர்களோடு கைகுலுக்கிக்கொண்டே வந்தார். முன்னவர் நாற்காலியில் அமர்வதை விட்டுத் தமக்குரிய நாற்காலியைச் செய்துகொண்டார் என்பேன். காலூன்றுதல் என்பது இதுதான்.

இவ்விருவருள் சிறந்த கலைஞர் யார் எனக் கேட்பின், தயங்காமல் லெட்டர்மன் என்றே கூறுவேன். தொல்காப்பியனார் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தார். மாணவர்கள் இதனைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றனர். எதிலும் பொருத்திப் பார்ப்பதில்லை. லெட்டர்மனுடையது எள்ளல். விருந்தினரை எள்ளுவார், தம் நிறுவனத்தாரை எள்ளுவார், தம்மையே மிகுதியும் எள்ளிக்கொள்வார். எள்ளல் கூரியது, ஆதலின் எல்லார்க்கும் இனியதாகாது. லெனோவின் நகைச்சுவை எவரையும் உறுத்தாதது. உறங்கப்போகும் வேளைக்கு அதுவே ஏற்றதாயிற்று. ஆனால் 2000ஆம் ஆண்டு இதய அறுவை முடிந்து திரும்பிய லெட்டர்மன் தம்மைக் காத்த மருத்துவரையும் செவிலியரையும் மேடையில் நிறுத்தி நாத்தழுதழுத்ததையும், 2001 செப்டம்பர் 17ஆம் நாள், நியூயார்க் தாக்குதலுக்குப் பின், நகைச்சுவையைக் கைவிட்டு மேசைக்குப் பின்னிருந்து தட்டுத்தடுமாறிப் பேசியதையும் கண்டவர்கள், எள்ளலின் அடியில் கிடந்த மனிதரை உணர்ந்திருப்பர். இரண்டாம் இடத்திலும் ஒருவர் காலூன்ற இயலும் என்பதற்கு அவரே சான்று. 1994 மே மாதத்தில் கார்சன் அவர் நிகழ்ச்சிக்கு வந்தார், லெட்டர்மனின் மேசைக்குப் பின்னே அமர்ந்தார், கையொலி அடங்கவில்லை, ஒன்றும் பேசாமலே எழுந்து சென்றார். யாரைத் தம் வழித்தோன்றலாகக் கருதினார் என்பதை அந்த மௌனம் கூறிற்று.

லெட்டர்மன் விட்டுச்சென்ற 12.30 மணி நாற்காலிக்கு வருவோம். மேடைக்கு முற்றிலும் புதியவரான கோனன் ஓ'பிரையன் என்னும் எழுத்தாளர் 1993 செப்டம்பர் 13ஆம் நாள் அதில் அமர்ந்தார். வயது 30. தொடக்க நாள்களில் அவர் பதற்றத்தோடு நெளிந்தார், சொல் தடுமாறிற்று. இதழாளர்கள் கடிந்தெழுதினர். நிறுவனம் அவருக்குப் பதின்மூன்று வாரம் பதின்மூன்று வாரமாகவே ஒப்பந்தத்தை நீட்டித்தது. வாடகை வீட்டுக்காரன் மாதந்தோறும் வந்து கதவைத் தட்டுவதுபோல. லெட்டர்மன் தாமே விருந்தினராக வந்து அவருக்கு ஊக்கம் அளித்தார். நாளடைவில் அத்தடுமாற்றமே அவர் பாணியாயிற்று. உயர்ந்த படிப்பாளி ஒருவர் அறிந்தே பூணும் பேதைமை அது. முதலில் கடுமையாகச் சாடிய 'வாஷிங்டன் போஸ்ட்' விமர்சகர் டாம் ஷேல்ஸ் சில ஆண்டுகளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு பாராட்டி எழுதினார். முதற்பருவக் கட்டுரையைக் கொண்டே மாணவனின் ஆண்டு மதிப்பெண்ணை இட்டுவிடும் ஆசிரியர் எவரேனும் இருப்பின், அவர் ஷேல்சின் அவ்விரண்டு எழுத்துகளையும் அடுத்தடுத்துப் படிக்கலாம்.

காலம் கொடுத்தால் எவரும் தேறிவிடுவர் என்று இதனால் நான் கூற வரவில்லை. அதே 1993 செப்டம்பரில் புகழ்வாய்ந்த நடிகர் செவி சேஸ் ஃபாக்ஸ் நிலையத்தில் ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்; ஆறு வாரங்களுக்குள் மூடப்பட்டது. அவர் பழைய புகழைக் கொண்டுவந்தார். பிறர் சொல்வதைக் கேட்கும் செவியைக் கொண்டுவரவில்லை. ஆறு ஆண்டுகள் கொடுத்திருந்தாலும் பயன் விளைந்திராது.

கோனனுக்கு இரண்டாம் முறை காலம் மறுக்கப்பட்டது. 2009 ஜூன் முதல் நாள் அவர் 'டுனைட் ஷோ'வை ஏற்றார். லெனோவையும் இழக்க விரும்பாத நிறுவனம், அவருக்கு இரவு 10 மணிக்கு ஒரு நிகழ்ச்சி அமைத்தது. அது வலுவிழந்து கிடந்தமையால் அதன்பின் வந்த உள்ளூர்ச் செய்திகளைப் பார்ப்போர் குறைந்தனர், இணைநிலையங்கள் முறையிட்டன, செய்திக்குப் பின் வந்த கோனனும் தேய்ந்தார். லெனோவை 11.35க்குக் கொண்டுவந்து, கோனனை 12.05க்குத் தள்ள முனைந்தது நிறுவனம். கோனன் இசையவில்லை. 2010 ஜனவரி 22ஆம் நாள், எட்டு மாதம் நிறைவதற்குள், விடைபெற்றார். அவரை நம்பி நியூயார்க்கிலிருந்து குடும்பத்தோடு கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்த ஊழியர்கள் தெருவில் நின்றனர். அவர்களுக்கும் இழப்பீடு பெற்றுத் தந்த பின்னரே அவர் வெளியேறினார் என்பது குறிப்பிடத்தக்கது. கணக்கேட்டில் இது கோனனின் தோல்வி. மேற்கூறிய காரணங்களை அறிந்தவர் அவ்வாறு எழுத மாட்டார்.

2015 செப்டம்பரில் லெட்டர்மனின் இடத்துக்கு ஸ்டீவன் கோல்பேர் வந்தார். அவர் அதற்குமுன் ஒன்பது ஆண்டுகள் தம்மை மறைத்து, தன்னை அறிவாளியென நம்பும் அசட்டு அரசியல் விமர்சகன் ஒருவனாக வேடம் பூண்டு புகழ்பெற்றவர். வேடத்தைக் களைந்து வந்தபொழுது மக்களுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. பாடினார், ஆடினார், எல்லாரையும் மகிழ்விக்க முயன்றார், எதுவும் ஒட்டவில்லை. இளமை என்னும் நகையைத் தமதாக்கிக்கொண்ட ஜிம்மி ஃபாலன், விருந்தினரோடு விளையாடியே முன்னணியில் இருந்தார். 2016 தேர்தல் நெருங்கிய வேளையில் ஃபாலன் வேட்பாளர் டிரம்பின் தலைமுடியைக் கலைத்து விளையாடியதும் பலர் முகம் சுளித்தனர். கோல்பேரோ தொடக்கவுரையை நீட்டி, அரசியலை நேர்நின்று எள்ளத் தொடங்கினார். வேடத்திற்குள் இருந்த கூர்மை வேடமின்றியே வெளிப்பட்டது. 2017இல் பார்வையாளர் தொகையில் ஃபாலனை முந்தினார். முந்துவதற்கு அவருக்குக் கிடைத்த ஓராண்டுக்கு மேற்பட்ட காலம் கோனனுக்குக் கிடைக்காதது.

ஆயினும் அந்தக் கணக்கின் ஆட்சியே இப்பொழுது ஆட்டங்கண்டுள்ளது. மக்கள் 11.30 மணிக்காகக் காத்திருப்பதில்லை. மறுநாள் கைப்பேசியில் துண்டு துண்டாகப் பார்த்துக்கொள்கின்றனர். விளம்பர வருவாய் சுருங்கிற்று. 2025 ஜூலையில், தாய்நிறுவனமாகிய பாரமவுண்ட் அதிபர் டிரம்ப் தொடுத்த வழக்கில் 1.6 கோடி டாலர் கொடுத்து இணக்கம் கண்டதைக் கோல்பேர் மேடையிலேயே சாடினார். சில நாள்களில் சி.பி.எஸ். நிறுவனம் அறிவிப்பொன்று விடுத்தது. நிகழ்ச்சி 2026 மே மாதத்தோடு முடியும். காரணம் நிதிநிலை மட்டுமே என்றது. பலர் நம்பவில்லை. அவ்வேளையில் 11.35 மணி நிகழ்ச்சிகளுள் மிகுதியான பார்வையாளரைக் கொண்டிருந்தது அவருடையதே. அவருக்குப் பின் அவ்விடத்தில் எவரையும் அமர்த்தப்போவதில்லை என்றும் நிறுவனம் கூறிற்று. 1993இல் லெட்டர்மனுக்காக அது விலை கொடுத்து வாங்கிய அதே எட் சலிவன் அரங்கில், அவ்வறிவிப்பைக் கோல்பேரே தம் மக்களுக்குச் சொன்னார். அவர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர்.