மைசூர் நிறுவனமும் மறக்கப்படும் மொழிகளும்

மொழிகள் பலவாக இருப்பதைக் குறையெனக் கருதுவோர் உண்டு. திருமறையோ அர்ரூம் அத்தியாயத்தில், மனிதர்தம் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாகவே எண்ணுகிறது. அந்த அத்தாட்சிகள் ஒவ்வொன்றாக மறைவதைக் கண்டும் வாளாவிருப்பது அறிவுடையோர்க்கு அழகன்று. இந்நோக்கிலேயே, நம் நாட்டு மொழிகளை ஆய்வதற்கென அரசு அமைத்த இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் பணியை மதிப்பிட முற்படுகிறோம்.

1969 ஜூலை 17 அன்று மைசூரில் இந்நிறுவனம் தோன்றியது. தேவி பிரசன்ன பட்நாயக் முதல் இயக்குநர். தமிழறிஞர் இ. அண்ணாமலையும் பின்னாளில் அப்பொறுப்பை வகித்தார். எழுத்தே இல்லாத பழங்குடி மொழிகள் பலவற்றுக்கு ஒலிநூலும் இலக்கணமும் எழுதி வெளியிட்டது இதன் பெருந்தொண்டு. ஒரு மாநில ஆசிரியர் மற்றொரு மாநில மொழியைக் கற்க வட்டார மையங்களையும் நிறுவியது. இவற்றை நன்றியோடு நினைவுகூர்ந்த பின்னரே குறைகளைப் பேசுதல் முறையாகும்.

இப்பணியின் தேவை மிகப் பழையது. 1894இல் கிரியர்சன் தொடங்கி 1928இல் முடித்த மொழிக் கணக்கெடுப்பின் கள ஆய்வு சென்னை மாகாணத்தையும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களையும் தொடவில்லை. தென்னகத்தின் சிறு மொழிகள் அன்றே விடுபட்டன. 1935இல் இந்தியா வந்த எமனோ, மூன்றாண்டுகள் தங்கி, நீலகிரியில் தோடரிடமும் கோத்தரிடமும் அமர்ந்து அவர்தம் மொழிகளைக் கேட்டெழுதினார். அவரது தோடா இலக்கணம் நூலாக வந்தது 1984இல். ஒரு மொழியை முறையாக ஆய்வதற்கு எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நிறுவனத்தின் மீது நாம் கூறும் முதற் குறை காலத்தாழ்வு. 1961 மக்கள்தொகைக் கணக்கில் 1652 தாய்மொழிகள் இடம்பெற்றன. 1971 முதல், பத்தாயிரம் பேருக்குக் குறைவானோர் பேசும் மொழிகளின் பெயர்கள் வெளியீட்டிலிருந்து மறைந்தன. பெயரே இல்லாத ஒன்றுக்காக யார் பரிந்து பேசுவர்? பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளைப் பதிவு செய்யும் திட்டம் இந்நிறுவனத்தில் தொடங்கியது 2013இல்தான். அதாவது, நிறுவனம் பிறந்து 44 ஆண்டுகள் கழித்து. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 2010 ஜனவரியில், அந்தமானில் போவா என்னும் மூதாட்டி மறைந்தார். போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் அவர். அவரோடு அம்மொழியும் மண்ணுக்குள் போயிற்று.

இரண்டாவது குறை, எடுத்த காரியத்தை முடிக்காமை. கிரியர்சனுக்குப் பின் நாடு தழுவிய புதிய கணக்கெடுப்பு ஒன்று 11ஆவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இந்நிறுவனத்தின் பொறுப்பில் நடைபெறுவதாக இருந்தது, பின்னர் கைவிடப்பட்டது. அரசு விட்ட பணியை 2010இல் கணேஷ் தேவி தன்னார்வலர் துணையோடு மேற்கொண்டு, 780 மொழிகள் உள்ளன என 2013இல் அறிவித்தார். அரசால் ஆகாதது ஆர்வலரால் ஆயிற்று. அவர்தம் முயற்சியைப் பாராட்டும் அதே வேளையில், பயிற்சி பெற்ற மொழிநூலார் அரசு நிறுவனத்தில் இருந்தும் அப்பணி நடவாமற் போனதை எண்ணி வருந்துகிறோம்.

மூன்றாவது குறையே நம் கருத்தில் முதன்மையானது. இலக்கண நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகி நூலகங்களில் உறங்குகின்றன. சொல்லைத் தந்த பாட்டியின் பேரப்பிள்ளைக்கு அந்நூலால் என்ன பயன்? அவன் பள்ளியில் பயிலும் வாசகமாக, அவன் தாய் கேட்கும் கதையாக அது திரும்பிச் சென்றாலன்றோ ஆய்வு நிறைவுறும்! பேசுவோரைத் தரவாக மட்டும் கொள்ளாது, ஆய்வாளராகவும் ஆசிரியராகவும் அமர்த்தும் நிறுவனமே வளரும் நிறுவனம்.

இதில் நமக்கென்ன எனச் சிலர் வினவலாம். அரபுத்தமிழை நினைத்துப் பார்ப்போம். அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கென அடையாளமிட்ட புதிய எழுத்துகளும் சேர்த்து, காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் நம் முன்னோர் எழுதிக் குவித்தனர். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘மகானி’யும் ‘ஃபத்ஹுத் தய்யா’னும் நம் பெண்மக்களுக்கு மார்க்கம் கற்பித்தவை. அரபுத்தமிழ் தனிமொழியன்று, ஆகவே அருகிவரும் மொழிகளின் திட்டத்துள் அது நுழையாது. மைசூரில் தோன்றி 2008இல் சென்னைக்கு வந்த செம்மொழித் தமிழாய்வு நிறுவனத்தின் எல்லையோ கி.பி. 600உடன் முடிகிறது, ஆகவே அங்கும் இடமில்லை. இரண்டு கதவுகளுக்கும் வெளியே நிற்கிறது நம் செல்வம். மொழி எனவும் கிளைமொழி எனவும் பெட்டி பிரித்துப் பார்க்கும் ஆய்வு, எழுத்து மரபுகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என நாம் கேட்பது இதனால்தான்.

ஆனால் அரசை மட்டும் குறை கூறித் தப்பிவிட நமக்கு உரிமையில்லை. பாட்டி கிதாபு வைத்திருந்த பெட்டியைக் கறையான் தின்னவிட்டவர் யார்? வாசிக்கத் தெரியவில்லை என்று கிணற்றிலும் கடலிலும் ஏடுகளைச் சேர்த்தவர் யார்? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ம. மு. உவைஸ் அவர்கள் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுத முடிந்ததற்கு, ஏடுகளைக் காத்து வைத்திருந்த குடும்பங்களும் காரணமாகும்.

ஆகவே நம் வேண்டுகோள் இரண்டு. நிறுவனம் தன் ஆய்வைப் பேசுவோரின் கைக்குத் திருப்பித் தரட்டும். நாமோ, இந்த மாதமே வீட்டுப் பரணில் ஏறிப் பார்ப்போம். அரபுத்தமிழ் நூல் ஒன்று கிடைத்தால், அதை வாசிக்கத் தெரிந்த முதியவரைத் தேடி, அருகில் பிள்ளைகளையும் அமர்த்தி ஒரு பக்கமேனும் ஓதச் சொல்வோம். ஆய்வு நிறுவனம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.