அடுக்குகள் ஒத்து நகரும்போது

வரைந்த படம் அசைவதில்லை. அது அசைவதாக நம் கண் நம்புகிறது. கார்ட்டூன் படக் கலை முழுவதும் கண்ணின் இந்த நம்பிக்கையின்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது. நம்பிய கண் எப்போது நம்பிக்கையை இழக்கிறது என்ற கேள்வியைக் கலையின் நுட்பம் பற்றியது என்று மட்டும் நாம் ஒதுக்கிவிட இயலாது. திருமறை நிகழ்ச்சி ஒன்றை இக்கலை எடுத்தாளும்போது, அந்தக் கேள்வி நம்மையும் தொடுகிறது. மோசேயின் வரலாற்றைச் சொல்லி 1998ஆம் ஆண்டு வெளிவந்த 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' என்னும் படத்தை இந்தக் கோணத்தில் பார்க்க விழைகிறோம்.

திருப்பூரிலிருந்து கோவைக்கு இரயிலில் செல்பவர் சன்னல் வழியே காண்பது என்ன? தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் பாய்ந்தோடுகின்றன. வயல் நடுவே நிற்கும் பனைகள் மெல்ல நடக்கின்றன. தொலைவிலுள்ள மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. இரு மடங்கு தொலைவில் இருப்பது பாதி வேகத்தில் நகர்வதாகத் தோன்றும். இசையறிந்தோர்க்கு இது புதிதன்று. ஒரே தாளத்தில் முதற்காலமும் இரண்டாம் காலமும் மூன்றாம் காலமும் அடங்குவது போல, அருகும் தொலைவும் வெவ்வேறு வேகத்தில் சென்றாலும் ஒரே பயணத்திற்குக் கட்டுப்பட்டிருக்கின்றன. தாளம் தவறினால் காது சுளிப்பதைப் போலவே இங்குக் கண் சுளிக்கிறது.

ஒரே தாளில் தீட்டிய ஓவியத்தின் முன் கேமராவை நகர்த்தினால் இந்த வேறுபாடு கிட்டாது. வால்ட் டிஸ்னி 1957ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் இதை எளிமையாக விளக்கிக் காட்டினார். நிலவொளியில் ஒரு பண்ணை வீடு. கேமரா அதை நெருங்குகிறது. வீடு பெரிதாவதுடன் நிலவும் பெரிதாகிவிடுகிறது! நாம் எவ்வளவு நடந்தாலும் நிலவு நெருங்கி வருவதில்லை என்பது குழந்தைக்கும் தெரியும். வேலி, வீடு, மரங்கள், நிலவு என ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்ணாடிகளில் தீட்டி, இடைவெளிவிட்டு அடுக்கி, மேலிருந்து படம்பிடிப்பதே அதற்குக் கண்ட வழி. 1937இல் வெளிவந்த 'தி ஓல்டு மில்' என்னும் குறும்படத்தில் டிஸ்னி கூடம் இந்தப் பலதளக் கேமராவைப் பயன்படுத்தியது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் என்னும் பெண்மணி, வெட்டியெடுத்த நிழலுருக்களைக் கண்ணாடி அடுக்குகளில் பரப்பி, 1926இல் முழுநீளப் படமொன்றைத் தந்திருந்தார். நம் தோற்பாவைக் கூத்தரும் இந்த உண்மையின் ஒரு பகுதியைக் கைப்பழக்கத்தால் அறிந்தவர்களே. பாவையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் உரு தெளிவாக விழுகிறது. விளக்கின் பக்கம் இழுத்தால் பெருத்து மங்குகிறது.

அடுக்குகளைப் பிரிப்பது எளிது. பிரித்தவற்றை ஒத்து நகரச் செய்வதே கடினம். இதை அறியத் தொலைவிற்குச் செல்ல வேண்டியதில்லை. திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்துவிட்ட நெருப்பெரிச்சல் பகுதி மக்கள் பனியன் துணியில் படம் அச்சிடும் தொழிலை அறிவார்கள். நான்கு வண்ணப் படமெனில் நான்கு ஸ்கிரீன்கள்; ஒவ்வொரு வண்ணமும் தனித்தனியே துணியில் இறங்குகிறது. ஒரு ஸ்கிரீன் நூலிழையளவு விலகினாலும் கிளியின் சிவப்பு அலகு கிளியைவிட்டு வெளியே நிற்கும். அந்தப் பீஸ் 'செகண்ட்ஸ்' குவியலில் விழும். கார்ட்டூன் ஓவியர்களும் இதே அச்சத்தினால்தான் ஒவ்வொரு தாளிலும் துளையிட்டு, மேசையில் பதித்த முளைகளில் மாட்டி வரைந்தார்கள். துணி அசையாமல் கிடக்கிறது. திரைப்படமோ நொடிக்கு இருபத்து நான்கு முறை மாறுகிறது. ஆகவே, அந்த இருபத்து நான்கு முறையும் எல்லா அடுக்குகளும் பொருந்தியாக வேண்டும்.

இதில் மற்றொரு சிக்கலும் உண்டு. உழைப்பைக் குறைக்கும் பொருட்டு நொடிக்குப் பன்னிரண்டு படங்களே வரைந்து, ஒவ்வொன்றையும் இருமுறை படம்பிடிப்பது இக்கலையின் நெடுநாள் வழக்கம். கேமரா அசையாதபோது இதனால் குறையொன்றும் தோன்றுவதில்லை. கேமரா நகர்ந்தால் பின்னணி இருபத்து நான்கு முறை நகர, மனிதன் பன்னிரண்டு முறையே நகர்கிறான். விளைவாக, அவன் கால் தரையில் ஊன்றாமல் வழுக்கி வழுக்கித் துடிக்கிறது. ஆகவேதான் கேமரா நகரும் காட்சிகளில் இருபத்து நான்கு படங்களையும் வரைந்தாக வேண்டியிருக்கிறது. மனிதனின் பாதமும் அவன் மிதிக்கும் மண்ணும் ஒன்றையொன்று விட்டு விலகாதிருக்க, யாரோ ஒருவர் இருமடங்கு உழைக்கிறார்.

இனி நம் படத்திற்கு வருவோம். 1990களில் கணினி இத்துறைக்குள் நுழைந்தபோது கண்ணாடி அடுக்குகளின் இடத்தை மென்பொருள் பிடித்துக்கொண்டது. 'த பிரின்ஸ் ஆஃப் ஈஜிப்ட்' படத்தில் கையால் வரைந்த மாந்தரைக் கணினி அமைத்த முப்பரிமாண வெளியில் நிறுத்தி, அங்கே உண்மைக் கேமரா உலவுவது போலக் காட்ட, 'எக்ஸ்போஷர்' என்னும் கருவியைப் பயன்படுத்தினார்கள். ஆற்றல் மிக்க அக்கருவி எங்கே பணிசெய்கிறது, எங்கே தன்னைக் காட்டிக்கொள்கிறது என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

தொடக்கத்தில் குழந்தை மோசேயைத் தாங்கிய கூடை நைல் ஆற்றில் செல்கிறது. முதலைகளும் நீர்யானைகளும் படகுகளின் துடுப்புகளும் அதைச் சூழ்கின்றன. அருகே பேராபத்து விரைகிறது. தொலைவில் நகரம் அமைதியாக நிற்கிறது. நடுவே கூடை தன் வேகத்தில் மிதக்கிறது. இந்த மூன்று வேகங்களும் ஒத்துப்போவதால், அக்குழந்தையை ஏதோ ஒரு கரம் ஏந்திச் செல்வதாக உணர்கிறோம். யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, நகர்வே சொல்லிவிடுகிறது. இங்கே கருவி பணிசெய்கிறது.

அடுத்து வரும் தேரோட்டக் காட்சியைப் பற்றி அவ்வாறு கூற இயலவில்லை. மோசேயும் இராம்சேசும் சாரங்கள் சரியத் தேர்களைச் செலுத்துகையில் கேமரா பாய்கிறது, திரும்புகிறது, மீண்டும் பாய்கிறது. இளைஞர் இருவரின் பொறுப்பின்மையைக் காட்டுவதே நோக்கம் என்று வாதிடலாம். ஆயினும் நம் கவனம் அவர்கள் முகத்தைவிட வேகத்தின்மீதே தங்குகிறது. மேலும், மென்மையான கோட்டுருவமும் திண்மையான கணினிக் கட்டடமும் அருகருகே வரும்போது, இரண்டும் ஒரே உலகைச் சேர்ந்தவைதாமா என்ற ஐயம் எழுகிறது. நகர்வு பொருந்தினால் மட்டும் போதாது. ஒளியும் கோடும் வண்ணமும்கூடப் பொருந்த வேண்டும்.

வியப்பு என்னவெனில், இப்படத்தின் மிகச் சிறந்த காட்சியில் ஆழமே இல்லை. தன் பிறப்பை அறிந்து கலங்கிய மோசே உறக்கத்தில் கனவு காண்கிறான். அக்கனவு எகிப்தியச் சுவரோவிய வடிவில் விரிகிறது. மாந்தர் அனைவரும் தட்டை உருவங்கள். மோசேயும் அவ்வாறே தட்டையாகி ஓடுகிறான். எபிரேயக் குழந்தைகள் ஆற்றில் எறியப்படுகிறார்கள். விடுதலைப் பயண நூலின் முதல் அதிகாரம் கூறும் அக்கொடுமை இங்கே அழகிய ஓவியமாக, ஆகவே மேலும் கொடிதாக நம்முன் நிற்கிறது. விழித்தெழுந்த மோசே தீப்பந்தத்துடன் சென்று காணும் சுவரில் அதே நிகழ்ச்சி உண்மையாகவே தீட்டப்பட்டிருக்கிறது. அரச குடும்பம் நாள்தோறும் கடந்து சென்ற அலங்காரம் அது! கண்முன் இருந்தும் காணப்படாத குற்றத்தைக் காட்ட, ஆழத்தைத் துறப்பதே சரியான வழி என்று கலைஞர்கள் துணிந்திருக்கிறார்கள். கையில் ஆற்றல்மிக்க கருவி இருக்கும்போது அதைக் கீழே வைக்கவும் தெரிந்திருப்பது பெருந்தகைமை.

செங்கடல் காட்சியில் மீண்டும் ஆழம் திரும்புகிறது. இருபுறமும் நீர்ச்சுவர்; மின்னல் வெட்டில் அச்சுவருக்குள் மாபெரும் மீனொன்றின் நிழலுரு; கீழே எறும்புகளைப் போல மக்கள். நீர், மீன், மக்கள் ஆகிய மூன்றும் தத்தம் தொலைவில் நிலைபெற்றிருப்பதால்தான் அந்த மக்களின் சிறுமையும், அவர்களைக் காப்பவரின் பெருமையும் நமக்கு உறைக்கின்றன. ஓர் அடுக்கு வழுக்கியிருந்தாலும் அது வெறும் வேடிக்கையாகச் சுருங்கியிருக்கும்.

இப்படத்தை மறைக்கல்வி வகுப்புகளில் சிறுவர்க்குக் காட்டலாமா எனக் கேட்போருக்கு, காட்டலாம் என்றே கூறுவோம். குழந்தையை ஆற்றிலிருந்து எடுத்தவர் பார்வோனின் மகள் என்று திருமறை கூற, படம் அவரை அரசியாக்கியிருப்பதைச் சொல்லித்தரவும் வேண்டும். அத்துடன், சுவரோவியக் காட்சியில் படத்தைச் சற்று நிறுத்தி, அது ஏன் தட்டையாக இருக்கிறது என்று சிறுவரைக் கேட்கலாம். அவர்கள் தரும் விடைகள் நமக்கும் புதியனவாக இருக்கக்கூடும்.

தேரோட்டத்தின் பாய்ச்சலை நினைவில் வைத்துப் பேசுவோர் பலர். மணலில் பதிந்த ஒரு பாதம் வழுக்காமல் நிற்பதை யாரும் பேசுவதில்லை; பேசாதபடி செய்வதே அதை வரைந்தவரின் வெற்றி. தவறாத வேலை கண்ணில் படாது என்பதைத் தொழில்நகர் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த வேலையையும் கண்டு மதிப்பது கலையைச் சுவைப்போரின் கடமை.