ஃபெர்குசன் விட்டுவைத்த ஒரு கம்பி

பம்மலில் எங்கள் மாமா வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் சாம்பல் நிற ஃபெர்குசன் டிஇ-20 ஒன்று நிற்கிறது. எப்போதோ ஏலத்தில் எடுத்தது. பொங்கலுக்குப் பொங்கல் மாலை போட்டு எடுப்பதோடு சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் போன் வந்தது. "மாப்ள, சோமங்கலம் நிலத்துல மேடு தட்டணும். பிளேடு மாட்டினா ஒரு உயரத்துல நிக்கவே மாட்டேங்குது. ஒண்ணு மேலே போகுது, இல்ல தரையில குத்துது. பட்டறைக்காரன் லிஃப்ட் மூடியில ஒரு பிராக்கெட் வெல்டிங் வெச்சுக் கம்பி போட்டுத் தரேங்கிறான். வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். அந்தக் கம்பியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. பட்டறைக்காரரின் யோசனை பாதி சரி, பாதி ஆபத்து. அதைவிட, ஃபெர்குசன் ஏன் அதை முதலிலேயே போடவில்லை என்ற கேள்வி என்னை ரெண்டு வாரம் விடவில்லை.

டிஇ-20 இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், பேனர் லேன் ஆலையில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. ஹாரி ஃபெர்குசனுக்காக அதைச் செய்தது ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி. தாம்பரத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் அந்நியமில்லை. வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்ட் கார் ஓடி இறங்கிய அதே பெயர்தான். சென்னையில் பூட்டிய ஸ்டாண்டர்ட் வான்கார்டின் எஞ்சினும் இந்த டிராக்டரின் பெட்ரோல் எஞ்சினும் ஒரே குடும்பம். மாமாவுக்கு இதைச் சொன்னதும் வண்டியின் மேல் மதிப்பு இன்னும் கூடிவிட்டது. வெல்டிங் பேச்சு கொஞ்சம் தள்ளிப்போனது.

சரி, லிஃப்ட். பின்னால் கீழே இரண்டு கரம், மேலே ஒரு டாப் லிங்க். இந்த மூன்று புள்ளிக்குள்தான் ஃபெர்குசனின் மொத்த புத்தியும் இருக்கிறது. கலப்பை மண்ணில் ஆழமாக இறங்கினால் இழுவை கூடும். அது டாப் லிங்க்கை முன்னால் தள்ளும். அங்கே ஒரு கனமான ஸ்பிரிங் அமுங்கும். அந்த அசைவு உள்ளே இருக்கிற வால்வுக்குப் போய், பம்பு கொஞ்சம் எண்ணெய் இழுத்துக் கலப்பையைத் தூக்கும். இழுவை குறைந்தால் எண்ணெய் வடிந்து கலப்பை இறங்கும். டிரைவர் லீவரை ஒரு இடத்தில் வைத்துவிட்டு முன்னால் பார்த்து ஓட்டலாம். கலப்பையின் சுமை பின் சக்கரத்துக்கு மாறுவதால் எடை குறைந்த டிராக்டரும் நன்றாகப் பிடித்து இழுக்கும். இதில் குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்குத் தெரிந்த ஒரே மொழி இழுவை. கரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று வால்வுக்குச் சொல்ல ஆளே இல்லை (உச்சிக்கு வந்ததும் நிறுத்துகிற ஏற்பாடு ஒன்றைத் தவிர). மண்ணைத் தொடாத கருவிக்கு இழுவை ஏது? பிளேடோ, பூம் வைத்த மருந்துத் தெளிப்பானோ மாட்டினால் லீவர் வெறும் 'ஏறு, இறங்கு' சுவிட்ச் ஆகிவிடும். நடுவில் ஒரு இடத்தில் லீவரைத் தேடிப் பிடித்தால் கொஞ்ச நேரம் நிற்கும்தான். சீல் கசிய ஆரம்பித்ததும் மெல்ல மெல்ல உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது யாருக்கும் தெரியாது, வால்வுக்கும் தெரியாது.

'அந்தக் காலத்தில் தெரிந்தது அவ்வளவுதான்' என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கை அசைத்த அளவுக்கு எந்திரம் போய், போனதைத் தானே பார்த்து நிற்கிற ஏற்பாட்டை 1860களிலேயே 'கிரேட் ஈஸ்டர்ன்' கப்பலின் நீராவிச் சுக்கானில் போட்டுவிட்டார்கள். டிராக்டரிலும் ஃபோர்டு 1947ல் தன் 8என் மாடலில் போட்டது. சீட்டுக்குக் கீழே ஒரு சின்ன லீவர், ஒரு பக்கம் தள்ளினால் இழுவைக் கட்டுப்பாடு, மறுபக்கம் உயரக் கட்டுப்பாடு. ஃபெர்குசனோடு 1938ல் கை குலுக்கிச் செய்துகொண்ட வாய்மொழி ஒப்பந்தத்தை உதறிவிட்டு வந்த மாடல் அது. ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952ல் 92.5 லட்சம் டாலருக்கு முடிந்தது. வழக்கில் நியாயம் பெரும்பாலும் ஃபெர்குசன் பக்கம்தான் என்பது என் கட்சி. ஆனால் திருடியவர் வீட்டில் ஒரு நல்ல ஜன்னல் கூடுதலாக இருந்தது என்பதையும் சொல்லத்தானே வேண்டும்? கோவென்ட்ரியில் அந்த ஜன்னல் 1956ல் எஃப்இ-35 வரும்போதுதான் திறந்தது. அதன் வழியில் வந்ததுதான் பிறகு நம் செம்பியத்தில் டாஃபே பூட்டிய மாஸி ஃபெர்குசன் வரிசை. அதில் லீவர் இரண்டு.

அயர்லாந்தின் உழவு நிலத்திலிருந்து யோசித்தவருக்கு உலகமே கலப்பையாகத் தெரிந்திருக்கும். நம் ஊரில் பாதி வேலை சேற்றில். தண்ணி கட்டிச் சேறடிக்கும்போது இழுவை கொஞ்சமாகவும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். அதை நம்பி ஆழம் பிடிக்க முடியாது. ரொட்டவேட்டர் இன்னும் மோசம், அது டிராக்டரை முன்னால் தள்ளும். இங்கே வேண்டியது உயரக் கட்டுப்பாடு. இன்று நம் கடைகளில் 'ஏடிடிசி' என்று பெருமையாகச் சொல்லி விற்கிறார்கள். அதில் எந்த லீவர் சட்டிக் கலப்பைக்கு, எது ரொட்டவேட்டருக்கு என்று வாங்குகிறவருக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்கிறார்களா? நான் கேட்ட நாலு பேரில் மூன்று பேர் ஒரு லீவரைத் தொட்டதே இல்லை.

பழைய வண்டிக்கு வருவோம். வழி இரண்டு. முதலாவது சங்கிலி. டாப் லிங்க் டிராக்டரில் மாட்டுகிற முனையிலிருந்து கீழ்க்கரங்களுக்கு அளவாகச் சங்கிலி போட்டு, லீவரை முழுக்க இறக்கிவிட்டால் கருவி சங்கிலியில் தொங்கும். கசிவைப் பற்றிக் கவலையில்லை. செலவும் இல்லை. ஆனால் உயரம் மாற்ற ஒவ்வொரு தடவையும் இறங்கிக் கண்ணி மாற்ற வேண்டும். மேடு பள்ளத்தில் விழுகிற அடியெல்லாம் அந்த ஒரு பின்னுக்குத்தான் போகும்.

இரண்டாவது, பட்டறைக்காரர் சொன்ன கம்பி. அமெரிக்காவில் பழைய ஃபோர்டு 9என், 2என் வைத்திருப்பவர்கள் வெளியிலேயே மாட்டிக்கொள்கிற இணைப்பும் இதே தத்துவம்தான். ஒரு மிதக்கும் நெம்புகோல்: ஒரு முனை கைக்கு, மறுமுனை தூக்கும் கரத்துக்கு, நடு லிஃப்ட் லீவருக்கு. கை மேலே போனால் வால்வு திறக்கும். கரம் ஏற ஏற மறுமுனை எதிர்ப்பக்கம் நகர்ந்து வால்வை மூடிவிடும். கரம் தொய்ந்தால் வால்வு தானாகக் கொஞ்சம் திறந்து மறுபடி தூக்கும். அழகான விஷயம்.

குறைகளும் உண்டு. பின் துளைகள் லூசாக இருந்தால் எல்லாம் வீண். கருவி 50 செ.மீ. ஏறுவதற்கு லீவர் 10 செ.மீ. நகர்கிறது என்று வையுங்கள். லீவரில் 2 மி.மீ. ஆட்டம், பிளேடில் 1 செ.மீ. ஆகிவிடும். ஆகவே புஷ் போட்டுத்தான் செய்ய வேண்டும். அடுத்து, இந்தக் கம்பி மாட்டியிருக்கும்போது இழுவைக் கட்டுப்பாடு குழம்பும். ஒரு பின்னை உருவினால் கழன்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் உழும்போது ஃபெர்குசனின் மொத்த புத்தியையும் நாமே கெடுத்தவர்கள் ஆவோம். மூன்றாவது, கசிவை இது குணப்படுத்தாது, மறைக்கும். சீல் மோசமாக இருந்தால் கருவி சில வினாடிக்கு ஒரு தடவை விக்கல் எடுப்பது மாதிரி துள்ளும். பம்பு ஓடுவது பிடிஓ தண்டில். கிளட்சை மிதித்தால் பம்பும் நிற்கும், தூக்கிப் பிடிக்க ஆள் இருக்காது. கம்பி இருக்கிறதே என்று நம்பி பிளேடுக்குக் கீழே காலை விட்டால் போச்சு. மாமாவிடம் வேலை செய்கிற பையன் அன்றைக்கு அப்படித்தான் உட்கார்ந்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தான்.

வெல்டிங்கை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூடி வார்ப்பிரும்பு. சாதாரண ராடு வைத்துச் சூடேற்றினால் அன்றைக்கு ஒட்டும், பிறகு பக்கத்திலேயே விரியும். இருக்கிற போல்ட்டுகளிலேயே நீளமான போல்ட் மாற்றித் தகடு பிடிக்கலாம். வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம், வண்டி பழையபடி ஆகிவிடும். 'அசல்' கெடக்கூடாது என்று பூஜையறையில் வைக்கச் சொல்கிற சேகரிப்பாளர்களுக்கும் என் பதில் அந்தப் போல்ட்தான்.

"அப்ப முதல்ல சீல் மாத்தணும்ங்கிற?" என்றார் மாமா.

"ஆமா மாமா. அதுவரைக்கும் சங்கிலி போடுங்க."

சங்கிலி போட்டாச்சு. பையன் இப்போது பிளேடைத் தரையில் இறக்கிய பிறகுதான் கீழே குனிகிறான். கம்பிக்குத் துளை அளவுகளை அட்டையில் வெட்டி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு எடுத்துப் போக வேண்டும்.